முப்பத்தொரு இடக்கைகள்

"உப்புத்தண்ணி ஏன் மின்சாரத்தைக் கடத்துது? ஆர் சொல்லுவியள்?"

முப்பத்தொரு பிள்ளைகளும் கை தூக்கினார்கள். என் பாடத்தை மதிப்பிட வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்திருந்த அருளம்பலம் சேர், கடைசி வரிசையில் இருந்தபடியே தலையை ஆட்டிக்கொண்டு படிவத்தில் ஏதோ எழுதினார். ஒரு வகுப்பே கை தூக்கினால் எந்த அதிகாரிக்குத்தான் மனம் குளிராது? நான் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தூக்கிய கைகளில் ஒன்றுகூட வலக்கை இல்லை.

நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்பிருந்தே உள்ள ஏற்பாடு இது. அதிகாரிகள் வரும் நாளில் எல்லாரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலக்கை, தெரியாதவர்கள் இடக்கை. ஆசிரியர் வலக்கைகளுக்குள் ஒன்றைத் தெரிந்து கூப்பிடுவார். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத இந்த விதியைத்தான் எங்கள் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே சுத்தமாகப் படித்து முடிக்கிறார்கள்.

இன்றைய பாடம் சரிவந்தால் நாலு வருடமாக இழுபடும் என் பதவியுயர்வு கிடைக்கும். கனடாவில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பிய ஸ்மாட் போர்ட்டை இதற்காகவே துணி நீக்கித் துடைத்து வைத்தோம். இனிமேல் பிள்ளைகள்தான் கேட்க வேண்டும், தேட வேண்டும், ஆசிரியர் ஒதுங்கி நின்று வழிகாட்ட வேண்டும் என்று புதிய சீர்திருத்தம் சொல்கிறது. நானும் விடவில்லை. எந்தப் படம் வரும்போது யார் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று இரண்டு கிழமை பழக்கினேன். சுயமாகக் கேட்பதுபோல இருக்கட்டும் என்று, கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்பதையும் பழக்கினேன்.

மூன்று பேரை மட்டும் பழக்க முடியவில்லை. டினேஸ், றஜிந்தன், எமில்ராஜ். விடியப்புறம் தகப்பன்மாரோடு கரைக்கடலில் கட்டிய களங்கட்டி வலைக்குப் போய் மீன் எடுத்துவிட்டு வந்து வகுப்பில் தூங்கி விழுகிறவர்கள். போன முறை வந்த அதிகாரி எமில்ராஜைத்தான் எழுப்பிக் கேள்வி கேட்டார். அவன் வாயே திறக்கவில்லை. 'அடைவு மட்டம் போதாது' என்று என் படிவத்தில் ஏறியது. அதனால் நேற்று மூவரையும் கூப்பிட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்றேன்.

"யூனிபோம் தோய்ச்சுப் போட்டன், ரீச்சர்," என்றான் எமில்ராஜ். நான் வரவுப் பதிவேட்டை மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் கிறிஸ்ரினா வந்தாள். வகுப்பில் முதலாம் பிள்ளை.

"அவங்கள் என்ன பிழை செய்தவங்கள், ரீச்சர்?"

"உது உனக்குத் தேவையில்லாத கதை. உன்ரை கேள்வியைப் பாடமாக்கு."

"அப்ப குறூப்பையாவது திறந்து விடுங்கோ. நாங்களும் கதைக்கோணும்."

வகுப்பு வாட்ஸ்அப் குறூப்பில் நான் மட்டும்தான் எழுதலாம். அப்படித்தான் வைத்திருந்தேன். நாளைய பாடம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன். பின்னேரம் நான் போட்ட அறிவித்தலுக்கு எல்லாரும் பெருவிரல் காட்டியிருந்தார்கள். நானில்லாத இன்னொரு குறூப் அவர்களுக்கு இருக்கும் என்று இந்தக் கைகளைக் கண்ட பிறகுதான் மண்டையில் ஏறியது.

முதலில் கோபம்தான் வந்தது. பாவிகள், இன்றைக்கா உங்களுக்கு வீரம்? பிறகு கோபம் வடிந்து வெட்கம் வந்தது. இந்த இரண்டு கிழமையில் அவர்கள் தாங்களாகவே யோசித்துச் செய்த காரியம் இது ஒன்றுதான். அதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஆளும் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

"இவ்வளவு பேர் கை தூக்கியிருக்கினம். ஒராளைக் கேளுங்கோவன், ரீச்சர்," என்றார் அருளம்பலம் சேர்.

"கிறிஸ்ரினா."

எழுந்து நின்றாள்.

"விடை தெரியும், ரீச்சர். மூண்டு பேர் வரேல்லை. அவை வந்தாப் பிறகு சொல்லுறம்."

வாசலில் நின்ற அதிபர் ஹரோல்ட் சேர் முந்திக்கொண்டார். "காய்ச்சல், சேர். மூண்டு பேருக்கும் காய்ச்சல்."

அருளம்பலம் சேர் என்னைப் பார்த்தார். "ஓமோ, ரீச்சர்?"

கிறிஸ்ரினா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பேரை அவள் சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"இல்லை, சேர். நான்தான் வரவேண்டாமெண்டு சொன்னனான்."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. திரும்பிப் பார்த்தேன். வாசலில் அதிபரைக் காணவில்லை.

"இப்ப அவை எங்கை?"

"அந்தோனியார் கோயில் மதிலடியிலை, சேர். காலமை துவக்கம் அங்கைதான் நிக்கினம்," என்றாள் கிறிஸ்ரினா.

"போய்க் கூட்டிக்கொண்டு வா," என்றேன்.

அவள் ஓடினாள். யாரும் கையை இறக்கவில்லை. வலித்தவர்கள் தூக்கிய கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டார்கள். தொடுவார் இல்லாமல் ஸ்மாட் போர்ட் தானாக அணைந்தது. கோயிலடி இரண்டு நிமிட நடைதான். எனக்கு அது ஒரு பாடவேளை போல நீண்டது.

"உள்ளை வரலாமோ, ரீச்சர்?" கிறிஸ்ரினாவோடு வந்த டினேஸ் வாசலில் நின்று கேட்டான்.

"வாங்கோ."

டினேஸும் றஜிந்தனும் கரும்பலகையடியிலேயே நின்றுவிட்டார்கள். வகுப்பு நிறைந்து தெரியட்டும் என்று அவர்களின் மேசை கதிரைகளை நேற்றே வெளியே எடுப்பித்திருந்தேன். மூன்றாவதை மட்டும் அதிகாரி இருப்பதற்காக விட்டுவைத்தேன். எமில்ராஜுக்கு அது தெரியாது. வழமைபோல நேரே கடைசி வரிசைக்கு நடந்தான். யன்னலோரம் போய்ப் பையைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு, அருளம்பலம் சேருக்குப் பக்கத்தில் நின்றான்.

சேர் நிமிர்ந்தார். "என்ன தம்பி?"

போன முறை வாயே திறக்காதவன் இந்த முறை மெதுவாகச் சொன்னான்.

"உது நான் இருக்கிற இடம், சேர்."

மேசை முழுக்க என் படிவம் விரிந்து கிடந்தது. அதன்மேல் கையை வைத்தபடி சேர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனும் நின்றுகொண்டிருந்தான்.