நான்கு வரிகள்

அந்த அறிஞர் நூற்றைம்பது வருடமாக ஒரு புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவரே எழுதியது. அச்சுக்குப் போகும் முன்பே வீடு தீப்பற்றி எல்லாம் சாம்பல். மிச்சம் இந்த ஓவியத்திலுள்ள ஒரு பக்கம்தான். அதையும் பழைய வார்னிஷ் கருத்துப்போய் மூடிவிட்டது.

என் அண்ணன் பன்னிரண்டு வருடமாக இவரைக் கட்டிக்கொண்டுதான் அழுகிறான். "எனக்குச் சக்களத்தியே இந்தத் தாடிக்காரர்தான்" என்பாள் அண்ணி. அவர் எழுதிய பழைய லிபியைப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அண்ணன் அதில் ஒருவன். எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஓவியங்களைச் சுத்தம் செய்வது என் பிழைப்பு. அருங்காட்சியகம் இந்தப் படத்தை என்னிடம் ஒப்படைத்த நாளிலிருந்து அண்ணன் கீழ் அறையே கதியென்று கிடந்தான்.

எங்கள் வழக்கப்படி, கண்ணில் படாத இடமாக, அறிஞர் போட்டிருக்கும் கோட்டின் ஓரத்தில் கரைப்பானைத் தொட்டுச் சோதித்தேன். வண்ணம் அசையவில்லை. பக்கத்தையும் தனியாகச் சோதித்திருக்க வேண்டும். இருபத்தாறு வருட அனுபவம் இருக்கிறதே, அந்தத் திமிர்.

பஞ்சை உருட்டினேன். பழுப்பு விலகி, கறுகறுவென்று நான்கு வரிகள்!

"அண்ணா! சீக்கிரம் வா! தெரியுது!"

படியில் அவன் கைத்தடிச் சத்தம் கேட்டது. முழங்கால் மோசம் அவனுக்கு.

முதல் வரி கசிந்தது. அப்போதுதான் உறைத்தது. வார்னிஷ் பூசி முடித்த பிறகு, அதன்மேல் எழுத்துகளை எழுதி, இன்னொரு பூச்சுப் பூசியிருக்கிறான் அந்தப் பாவி ஓவியன். அடிப்பூச்சும் சேர்ந்தே கரைகிறது. பழகிய கை, ஈரத்தை இழுக்க ஒற்றுத்தாளை வைத்து அழுத்திவிட்டது. எடுத்தால் இரண்டு வரிகள் தாளில் உருத்தெரியாத கறையாக ஈஷியிருந்தன. கேமரா அடுத்த அறையில். தொடவும் பயம், விட்டுப் போகவும் பயம். மிச்ச இரண்டும் என் கண் முன்னே கரைய, கையைத் தூக்கியபடி நின்று அழுதேன்.

அண்ணன் மூச்சு வாங்க வந்தான். வெறும் பக்கத்தைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

"நீ பாத்தல்ல?"

"பாத்தேண்ணா. நாலு வரி இருந்துச்சு."

மேசையிலிருந்த பென்சிலை என் கையில் திணித்தான். "எழுத்துன்னு நெனைக்காத. படம்னு நெனச்சு வரைஞ்சுடு. பாத்தத அப்படியே வரையறவதானே நீ."

வரைந்தேன். ஒரு சுழி, ஒரு கொக்கி, மேலே ஒரு கோடு. அழித்தேன், மறுபடி வரைந்தேன். கொக்கி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? சத்தியமாகத் தெரியவில்லை. ஒன்றரை வரியோடு கை நின்றுவிட்டது.

தாளை வாங்கி ஜன்னலருகே கொண்டுபோனான். நெடுநேரம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏதாச்சும் புரியுதாண்ணா?"

"ம்ம். நல்லாப் புரியுது பாப்பா" என்றான்.

தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.