சண்முகசுந்தரி கிணற்றில் போட்ட பிள்ளை

1

இது எனக்குத் தோன்றிய கதையல்ல. பாளையங்கோட்டைக் கேபிள்காரர் தாணுமாலையன் சிரித்துக்கொண்டே சொன்னது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

'தாமிரபரணி அமைதியாக ஓடிக்கொண்டி—'

(அடித்துவிட்டேன். ஆறு ஓடாமல் உங்களுக்குக் கதை கிளம்பாதா என்கிறாள் மனைவி.)

சரி. 1996. சண்முகசுந்தரி சினிமாவில் கடைசி வரிசையில் ஆடியவர். பிறகு கதாநாயகியின் தோழி. பிறகு படத்துக்குப் படம் கொடுமைக்காரச் சித்தி. நரை வந்ததும் ஊர் திரும்பி, சாயங்காலங்களில் தெருப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். 'கதையத்தை' என்றன பிள்ளைகள். அவர் வாங்கிய ஒரே பட்டம்.

2

தாணுமாலையன் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"அக்கா, நாளைக்கு ஒங்க படம் போடுதேன். கேசட் கிடைச்சிட்டு!"

"எந்தப் படம் தம்பி?"

"மூத்த தாரத்துப் பிள்ளையக் கிணத்துல போடுவியள்லா, அதான்!"

"வேண்டாம்ப்பா. சின்னப் பிள்ளைய எல்லாம் பாக்கும்."

"சும்மா இருங்கக்கா. தெருவுக்கே பெருமைல்லா!"

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அக்காவுக்குப் போட மாலை வேறு வாங்கியிருந்தாராம்.)

3

படம் ஓடியபோது சண்முகசுந்தரி தன் டிவியை அணைத்திருந்தார். ஆனால் எதிர்வீடு, பக்கத்துவீடு எங்கும் அவர் சிரிப்பே கேட்டது. பிறகு 'தொப்' என்று ஒரு சத்தம். பிறகு தெருவில் நிஜமாகவே ஒரு குழந்தை வீறிட்டது.

மறுநாள் சாயங்காலம் கதை சொல்லப் பாய் விரித்தார். யாரும் வரவில்லை.

[முதல் முடிவு: இங்கேயே நிறுத்துவது. என்னைப் போன்ற கோழைக்கு வசதி.]

நெடுநேரம் கழித்து ஏழு வயது ஸ்டெபி மட்டும் வந்தாள். உள்ளே வரவில்லை. வாசல் கேட்டின் கம்பியை இரு கைகளாலும் பிடித்திருந்தாள்.

"அத்தை, அந்தப் பாப்பாவ ஏன் கிணத்துல போட்டிய?"

"அது பொம்மைம்மா. சும்மா நடிச்சது."

"சிரிச்சியளே?"

"அதுவும் சும்மாதான்."

ஸ்டெபி யோசித்தாள்.

"அப்போ எங்களப் பாத்துச் சிரிக்கியளே, அது?"

4

இரண்டாவது முடிவு: சண்முகசுந்தரி ஓடிப்போய் அவளை அணைத்துக்கொ—

(ஓடினால் பிள்ளை அலறிவிடும்.)

மூன்றாவது: அழுகிறார்.

(அந்த அழுகையை இனி யார் நம்புவது?)

தாணுமாலையனிடமே கேட்டேன். "பொறவு என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"எனக்கென்னவே தெரியும்? எதுத்த கம்பத்துல ஏறி நின்னேன், காதுல விழுந்துது. வயரு சரியானதும் எறங்கிப் போயிட்டேன்."

போய்விட்டார். மாட்டிக்கொண்டது நான்.

இத்தனை வருடம் நடித்தவருக்கு, இப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லிக்கொடுங்கள். பைய, பிள்ளை பயப்படாமல்; ஆனால் சீக்கிரம். ஸ்டெபி கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டாள்.