கதவைச் சாத்திப் பார்த்தாச்சு

நான் வலைப்பதிவு எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் கோபம். ஆர்வம், இலக்கியம், சேவை என்று மற்றவர்கள் சொல்வதெல்லாம் பிறகு வந்தது.

கல்யாணமான மறு வருஷம் ஒரு விபத்தில் என் கால்கள் போய்விட்டன. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். நாத்தனார் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய ஓட்டலுக்குப் போயிருந்தோம். வாசலில் சாய்தளம் இருந்தது, சுவரில் நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம்கூட வரைந்திருந்தார்கள். ஆஹா என்று உள்ளே போனால், கழிப்பறைக்குள் நாற்காலி நுழைகிறது, கதவைச் சாத்த முடியவில்லை. சக்கரம் இடிக்கிறது. என் கணவர் ஜெயக்குமார்தான் கதவுக்குப் பதிலாக முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்குமா? மறுநாளே உட்கார்ந்து எழுதித் தள்ளிவிட்டேன்.

பதிவின் பெயர் ‘சக்கரம் போகுமா?’. எனக்கு ஒரே ஒரு சட்டம். எந்த இடமானாலும் நான் நேரில் போக வேண்டும், கழிப்பறைக்குள் நுழைந்து கதவை என் கையால் சாத்திப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுத்து. சாத்த முடிந்தால் கடைசி வரியில் ‘கதவைச் சாத்திப் பார்த்தாச்சு’ என்று போடுவேன். ஸ்கேன் சென்டர், ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் எதையும் விடவில்லை. ஒரு மண்டபக்காரர் போனில் திட்டினார். நானும் சும்மா விடவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போனை வைத்தார். இதில் என்ன வருது என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம், கோபம் குறையுது, அது போதாதா என்பேன்.

மருங்காபுரியிலிருந்து நசீரா என்று ஒரு பெண் முதல் பதிவிலிருந்து படிக்கிறாள். அவள் அம்மாவுக்குப் பக்கவாதம். வைத்தியத்துக்காக அடிக்கடி திருச்சிக்கு அழைத்து வருவாள், வருவதற்கு முன்னால் எனக்கு போன் செய்வாள். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. இடம் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் அவள் கேட்க மாட்டாள். கதவைச் சாத்த முடிஞ்சுதாக்கா என்று மட்டும் கேட்பாள். ஆமாம் என்றால் அம்மாவோடு பஸ் ஏறிவிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜெயக்குமாருக்கு முதுகில் டிஸ்க் விலகியது. இனி நாற்காலியைத் தள்ளவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்துக்குச் சாயங்காலம் தவறாமல் என்னைத் தள்ளிக்கொண்டு போகிற மனிதர். அது நின்றுபோனது. காவிரி நாலு தெரு தள்ளி ஓடுகிறது, நான் ஜன்னலில் உட்கார்ந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரி நாற்காலி ஒன்று இருந்தால் நானே போவேன். யாரையும் கேட்காமல் தெருவுக்குப் போய்வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நடக்கிறவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. ஆனால் அதன் விலை எங்களுக்கு எட்டாதது.

அந்தச் சமயம் பார்த்து பிரவீன்ராஜ் என்பவர் கூப்பிட்டார். தில்லை நகரில் நோயாளிகளும் கூட வருகிறவர்களும் தங்குவதற்காகப் புதிதாகத் திறந்த லாட்ஜின் மேனேஜர். என் பதிவில் அவர்கள் லாட்ஜைப் பற்றி நல்லபடியாக எழுதினால் பணம் தருவார்களாம். அவர் சொன்ன தொகைக்குப் பேட்டரி நாற்காலியே வாங்கிவிடலாம். போட்டோ அனுப்புகிறேன், வீட்டிலிருந்தே எழுதிவிடுங்கள் என்றார். வந்து பார்த்துத்தான் எழுதுவேன் என்றேன்.

போய்ப் பார்த்தேன். சாய்தளம் அருமை. அறையும் விசாலம். குளியலறை வாசலில் நாலு விரல் உயரத்துக்குப் பளபளவென்று ஒரு கிரானைட் படி. பையன்கள் இருக்கிறார்கள், தூக்கிவிடுவார்கள் என்று பிரவீன்ராஜ் சிரித்தபடி சொன்னார்.

“தூக்கிவிட ஆள் இருந்தா நான் ஏன் சார் ஊரெல்லாம் கதவைச் சாத்திப் பாத்துட்டுத் திரியறேன்?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வாய்தான் அப்படிப் பேசியது. திரும்பும்போது ஆட்டோவில் அழுதேன்.

பத்து நாள் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். படியை உடைத்தாயிற்று, வந்து பாருங்கள் மேடம் என்றார். போனேன். தரை சமமாக இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன், சக்கரம் இடிக்காமல் மூடிக்கொண்டது. தாழ்ப்பாளும் போட்டேன். ஒரு படியை உடைக்கவைத்துவிட்டேனே என்று அந்தக் குளியலறைக்குள் தனியாகச் சிரித்தேன். வெளியே வந்தால் அவர் கையில் செக்.

நான் தயங்கியதைப் பார்த்து, கூட வந்திருந்த ஜெயக்குமார் மெதுவாகச் சொன்னார்: “பொய் எழுதி வாங்கலையே ரஞ்சனி. உண்மையத்தானே எழுதப் போற. இதுல என்ன தப்பு?”

யோசித்துப் பார்த்தேன். தப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் கிடைக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். மறைப்பது எனக்குப் பிடிக்காது, அதனால் இந்தப் பதிவுக்கு லாட்ஜ்காரர்கள் பணம் கொடுத்தார்கள் என்று முதல் வரியிலேயே எழுதினேன். கடைசி வரி வழக்கம்போல.

புது நாற்காலி வந்ததும் தனியாக அம்மா மண்டபம் போனேன். பூக்காரி கூடையை நகர்த்தி வழிவிட்டாள், எங்கே உன் வீட்டுக்காரர் என்று கேட்டாள். வரலை, நான் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு நாற்காலியை முன்னால் ஓட்டினேன். படிகளுக்கு மேலே நிறுத்திக்கொண்டு ஆற்றைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

அப்போதுதான் நசீரா போன் செய்தாள். அடுத்த வாரம் அம்மாவைத் திருச்சிக்கு அழைத்து வர வேண்டும், இரண்டு நாள் தங்கல் என்றாள். புது லாட்ஜ் இருக்கிறதே, பதிவைப் பார்க்கவில்லையா என்றேன். பார்த்தேன் என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

“சாத்த முடிஞ்சுது நசீரா. நானே சாத்துனேன்.”

 அவள் தணிந்த குரலில் பேசினாள். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அம்மாவ வச்சுக்கிட்டு வர்றேன்ல, அதான். காசு வாங்காதவங்க யாராச்சும் போய்ச் சாத்திப் பாத்திருந்தா சொல்லுங்க, புக் பண்ணிடறேன்.”

எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு வரவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அப்படி ஒருத்தி திருச்சியில் இருந்தாள், நான் அந்தச் செக்கை வாங்குகிற வரைக்கும். அவள் இன்னும் இருந்திருந்தால் நசீரா இந்நேரம் பஸ் ஏறத் தயாராகியிருப்பாள்.