பெரட்டுக் களத்தில் கண்கட்டி ஆட்டம்

சிவகுருவுக்குக் கணக்கு வரும், இங்கிலீஷ் வரும், கையெழுத்து முத்து முத்தாக வரும். பேர் கூப்பிட மட்டும் வராது. தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணிக்கு அது வராவிட்டால் மற்றதெல்லாம் வந்து என்ன, வராமல் என்ன?

மலாயாவில் ஜித்ராவுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு, பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கிற நேரம். நூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்பார்கள். இருப்பது ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு, அதுவும் பதிவேட்டுக்குப் பக்கத்தில். முகம் யாருக்குத் தெரிகிறது? கூப்பிட்டால் இருட்டிலிருந்து "வந்தாச்சு" என்று ஒரு குரல் வரும், அவ்வளவுதான். காளியம்மாக்களே நாலு பேர். முதல் வாரத்திலேயே, வந்து நின்ற காளியம்மாவை வரவில்லை என்றும், காய்ச்சலில் கிடந்த காளியம்மாவை வந்தாள் என்றும் எழுதித் தொலைத்தான் அந்த மகராசன். பொழுதெல்லாம் பால் மரம் வெட்டியவளுக்கு அன்றைக்குப் பேர் விழவில்லை, கூலியும் இல்லை.

பெரிய கிராணி தர்மலிங்கம் அவனை அழைத்து நிறுத்தினார்.

"இஞ்ச பாரும் காணும். உம்முடைய தகப்பனாரின்ர முகத்துக்காகத்தான் உம்மை எடுத்தனான். இந்த மாதக் கடைசியில நானே பெரட்டுக்கு வருவன். ஒரு பிழை விட்டீர் எண்டாலும் அலோர் ஸ்டாருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்."

ஏற்கெனவே ஒரு வேலையைத் தொலைத்தவன் சிவகுரு. இரண்டாம் தடவை பெட்டியும் கையுமாக அலோர் ஸ்டாரில் அப்பா முன்னால் போய் நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை, காளியம்மாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனான். அங்கே தண்ணீர்க் குழாயடியில் பெண்களும் பிள்ளைகளுமாகக் கண்கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குக் கண்ணைக் கட்டிவிடுவார்கள். இன்னொருத்தி எதிரே வந்து குரலை மாற்றி ஒரு வார்த்தை சொல்லுவாள். யார் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் குழாயை நொண்டியடித்துச் சுற்ற வேண்டும்.

"பிழை என்னிலதான் அக்கா" என்றான் சிவகுரு.

"போவுதுங்க ஐயா, விடுங்க" என்றாள் காளியம்மா.

பக்கத்தில் நின்ற மருதம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா? "கண்ண தொறந்துகிட்டே ஆளு தெரியல ஐயாவுக்கு. கட்டிக்கிட்டு ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கலாம்லா."

எல்லாரும் சிரித்தார்கள். சிவகுருவுக்கு ரோஷம் வந்துவிட்டது. துண்டை வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்று பதினொரு தடவை தோற்றான். வெள்ளைக் கால்சட்டையும் சப்பாத்துமாகக் கிராணி ஐயா பதினொரு தடவை நொண்டியதைப் பார்த்து லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அவனும் சிரித்தான். தோட்டத்துக்கு வந்த பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிறும் போனான். அதற்கடுத்த ஞாயிறு அவன் வருவதற்குள் ஆண்களும் திரண்டு நின்றார்கள். மூன்றாவது காளியம்மா வெற்றிலையை ஒதுக்கிவிட்டுத்தான் பேசுவாள். மணியம் பேசுமுன் மூச்சை இழுப்பான். மருதம்மாள் எப்படி மாற்றிப் பேசினாலும் கடைசி எழுத்தில் ஒரு எகத்தாளம் தொங்கும். பதிவேட்டில் வெறும் எழுத்தாகக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக அவன் காதுக்குள் குடியேறினார்கள்.

சேதி தர்மலிங்கத்துக்கு எட்டாமல் இருக்குமா? மாதக் கடைசிப் பெரட்டுக்குக் கொதித்துக்கொண்டு வந்தார்.

"உத்தியோகம் பாக்க வந்த இடத்தில நொண்டி விளையாட்டோ? திரும்பி நில்லும். ஆக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசியும்."

சிவகுரு திரும்பி நின்றான். வாசிக்க வாசிக்கக் குரல்கள் வந்தன. நடுவில் "காளியம்மா, ரெண்டாம் லயம்" என்றான். "வந்தாச்சு" என்று பதில் வந்தது.

"இது மருதம்மாக்கா" என்றான் சிவகுரு. "காளியம்மாவைச் சொல்லச் சொல்லுங்கோ."

மருதம்மாளைக் கைகாட்டிப் பேச வைத்தவர் தர்மலிங்கமேதான். பட்டியல் கடைசிப் பேருக்கு வந்தது.

"அழகேசன்."

மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு "வந்தாச்சு" கேட்டது. வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். சிவகுரு பதிவேட்டில் பேனாவை வைக்காமல் நின்றான். தினமும் தன்னைத் திட்டுகிற குரல் மூக்கைப் பொத்தினால் தெரியாமல் போய்விடுமா? ஆனால் அதை எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அழகேசன் வந்ததாக அல்லவா எழுத வேண்டும்? வேலை போனால் போகிறது என்று வாயைத் திறந்தான்.

"அழகேசன் வரேல்லை. பேசினது நீங்கள் ஐயா."

இருட்டில் வரிசைக்குள் போய் நின்றிருந்த தர்மலிங்கம் வெளியே வந்தார். விளக்கைத் தூக்கி, எதிரே நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதன்முதலாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்தார்.

"பதினாலு வருசமாப் பேர் வாசிக்கிறன் தம்பி" என்றார். "இதில ஒருத்தரின்ர குரலும் எனக்குத் தெரியாது."

பதிவேட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டுச் சிவகுருவிடமே திருப்பிக் கொடுத்தார். நாலு எட்டு நடந்தவர் நின்றார்.

"ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு?"