சிமலோயின் மாட்டை மேய்த்த சிங்கம்

மாடுகள் பட்டிக்குத் திரும்பும் ஒரு சாயங்கால வேளையில் பெரியவர் ஓலே நம்பாசோ தலையைத் தொட்டதால், கிழிந்த காதுள்ள சிங்கம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் ஒன்றாகிவிட்டது. எங்கள் மாசாய் இனத்து ஊர்களில் மேய்ச்சலிலிருந்து வரும் பிள்ளைகள் பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும். பெரியவர் தலையைத் தொட்டு, லேசாகத் துப்பி ஆசீர்வதித்த பிறகுதான் வீட்டில் பால் கிடைக்கும். ஓலே நம்பாசோவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கைக்கு அகப்படும் தலையை ஆசீர்வதிப்பது அவருக்குப் பல வருடப் பழக்கம். எங்கள் பிள்ளைகளின் தலையெல்லாம் வழவழவென்று மழித்திருக்கும். அன்று வரிசையில் ஒரு தலையில் மட்டும் கை முழங்கை வரை மயிருக்குள் போனதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தலையாடா இது, புதரா? நாளைக்கே ஒங்க அம்மாகிட்ட சொல்லி மழிச்சுக்கணும், தெரிஞ்சுதா?" என்று அதட்டினார். தொட்டார், துப்பினார், அடுத்த தலைக்குப் போனார். அடுத்த தலைக்குரிய பையன் பயத்தில் கால் வரை நனைந்திருந்தான். பெரியவருக்குத் தெரியாததா என்று பிள்ளைகள் யாரும் வாயைத் திறக்கவில்லை. சிங்கமும் மற்றவர்களோடு போய் பால் சுரைக்குடுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

சிங்கத்தை என்ன செய்வதென்று பேச மறுநாள் வேலமரத்தடியில் ஆண்கள் கூடினார்கள். பெரியவர் தொட்ட தலை பிள்ளையின் தலை, பிள்ளையை ஈட்டியால் குத்த முடியாது. கண் தெரியாமல் தொட்டது செல்லாது என்று ஒரு கூட்டம் எழுந்து நின்றது. "செல்லாதா? அப்ப ஒங்க வீட்டுப் புள்ளைங்க அத்தனையும் செல்லாது. எல்லாத்தையும் இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டுத்தானே தொட்டேன்?" என்று கேட்டார் ஓலே நம்பாசோ. எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வேறென்ன செய்வார்கள்?

சிமலோய் மட்டும் உட்காரவில்லை. புருஷனை இழந்தவள், இரண்டு சின்னப் பிள்ளைகள். அவளுக்கு இருந்ததே இரண்டு பசு. செவலையைப் போன பஞ்சத்தில் இதே கிழிந்த காதுக்காரன் தின்றுவிட்டான். மிச்சம் ஒரு கறுப்புப் பசு, சினையாக இருந்தது. அது ஈன்றால்தான் அந்த வீட்டில் பால், இல்லையென்றால் பிள்ளைகள் ஊரார் வாசலில் குடுக்கையோடு நிற்க வேண்டியதுதான். ஆண்கள் பேசும் இடத்தில் பெண்கள் பேசுவதில்லை என்பதையெல்லாம் அவள் அன்று பார்க்கவில்லை. "புள்ளையாம் புள்ளை! என் செவலையத் தின்ன வாயிய்யா அது! புள்ளைன்னா சும்மா குந்திக்கிட்டுப் பால் குடிக்குமா? வேலை செய்யச் சொல்லுங்க, பார்ப்போம்!" என்று கத்தினாள். வேலை என்றால் ஓடிவிடும் என்பது அவள் கணக்கு.

அவளுடைய கெட்ட நேரம், பெரியவர்களுக்கு அது நியாயமாகப் பட்டுவிட்டது. ஒரு வீட்டுக்கு நஷ்டம் பண்ணிய பையன் அந்த வீட்டு மாட்டை மேய்த்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. அதனால் சிங்கம் சிமலோயின் பசுவை மேய்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

"அடப்பாவிகளா! தின்னவன்கிட்டயே மிச்சத்தையும் புடிச்சுக் குடுக்கறீங்களே!"

"நீதானேம்மா கேட்டே?" என்றார் ஓலே நம்பாசோ.

"எந்த நாளாவது என் மாடு வராம போகட்டும். ஒங்க ஆசீர்வாதத்தோட சேர்த்து அதைக் குத்திப்புடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனவள், செத்துப்போன புருஷனின் ஈட்டியை எடுத்து வாசலில் சாத்தி வைத்தாள்.

முதலில் பசு நகர மறுத்தது. பிறகு நகர்ந்தது. அதற்கப்புறம் சிங்கம் பின்னால் வராவிட்டால் நின்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. கழுதைப்புலி பக்கத்தில் வராததால் நல்ல புல்லாகப் பார்த்து மேய்ந்து வயிறு தளும்ப வந்தது. சிங்கத்தின் சாப்பாட்டுக்கு ஒன்றும் குறையில்லை. பசு படுத்து அசைபோடும் நேரத்தில் போய் ஒரு வரிக்குதிரையை முடித்துக்கொண்டு வந்துவிடும். சாயங்காலம் ஊரே அதன் தலையைத் தொட்டது. சிமலோய் முன்னால் அது குனிந்தால் மட்டும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுக்கு உண்ணி பார்க்கப் போய்விடுவாள்.

இதில் வயிறெரிந்தவர் காதோகோ. காலையில் வெள்ளைக்காரர்களுக்குக் காட்டில் விலங்குகளைக் காட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரில் எங்களைக் காட்டும் வண்டிக்காரர். காடு முழுக்க அலைந்தும் சிங்கம் அகப்படாமல் கடைசியில் ஊருக்கு வந்தால், அது ஓலே நம்பாசோவிடம் ஆசி வாங்கிக்கொண்டு நிற்கும். வந்தவர்கள் இது பழக்கின சிங்கம், சேர்த்தியில்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்களின் குதிப்பு நடனத்தைப் படம் பிடிக்க மறைக்கிறது, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்ல முடியுமா என்று ஓர் அம்மாள் கேட்டாள். சொன்னோம், அதுவும் தள்ளி உட்கார்ந்தது.

"பெரியவரே, காலையில மிருகம், மத்தியானத்துக்கு மேல மனுஷங்க. அதுதான் ஏற்பாடு. ரெண்டையும் கலந்தா என் பொழைப்பு என்னாவறது?" என்று காதோகோ புலம்பினார்.

"மாடு மேய்க்கப் போற புள்ளைய வழியில நிறுத்திப் படம் புடிக்காதே, அவ்வளவுதான்," என்றார் ஓலே நம்பாசோ.

பெருமழை பிடித்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் எல்லா மாடும் வந்தது, கறுப்புப் பசு வரவில்லை. சிமலோய் வாசலுக்கு ஓடினாள். ஈட்டியை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள். ஊர் பின்னாலேயே போயிற்று. "ஓடையில தண்ணி ஏறியிருக்கும்மா, வந்துடும்," என்று தடியை ஊன்றிக்கொண்டு ஓலே நம்பாசோ சொன்னது அவருக்கே நம்பிக்கையாக இல்லை. "வயித்துல கன்னோட போச்சே, என் புள்ளைங்க வாயில மண்ணு விழுந்துச்சே," என்று அவள் அழுத அழுகையில் எங்களுக்கு அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது.

ஓடைக்கரை ஏறி சிங்கம் வந்தது. வாயெல்லாம் ரத்தம். வாயிலிருந்து கறுப்பாக ஏதோ தொங்கியது. சிமலோய் ஈட்டியை ஓங்கிவிட்டாள். அப்போதுதான் சிங்கத்துக்குப் பின்னால் பசு கத்தியது. தாயின் குரலுக்கு, சிங்கத்தின் வாயில் தொங்கியது காதை ஆட்டியது.

சிங்கம் கன்றை அவள் காலடியில் வைத்தது. ஈன்ற ரத்தமும் ஈரமும் காயாத கடேரிக்கன்று, நாலு காலையும் நாலு பக்கம் பரப்பிக்கொண்டு எழுந்து நின்றது. பசு வந்து நக்க ஆரம்பித்தது. சிங்கம் தலையைக் குனிந்துகொண்டது.

"எங்கடா போய்த் தொலைஞ்சே இவ்வளவு நேரம்? ஒரு உசுரு இங்க செத்துப் பொழைச்சுதுடா!" என்று ஈட்டியின் அடிக்கட்டையால் அதன் முதுகில் ஒரு போடு போட்டாள் சிமலோய். பிறகு ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பிடித்துத் தொட்டாள், துப்பினாள், மறுபடியும் துப்பினாள்.

கன்று குடித்தது போக மீந்த சீம்பாலை அவள் மூன்றாகப் பங்கு வைத்தாள். மூன்றாவது பங்கு பெரிசாக இருக்கிறதென்று அவளுடைய மூத்தவன் அழுதான்.

"மாடு மேய்ச்சுட்டு வந்த புள்ளைக்குப் பசிக்காதாடா? பேசாம குடி," என்றாள்.