பட்டனுக்குள் யாரோ

என் மச்சான் அந்தக் கோட்டின் நான்காவது பட்டனை வெட்டி எறிந்த நேரம் பார்த்து, கோட்டுக்குச் சொந்தக்காரர் கடைக்குள் நுழைந்தார். கெட்ட நேரம் மட்டும் என்னிடம் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எட்டு வருஷமாக என் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். அவன் வெட்டினால் துணி சொன்னபடி கேட்கும், நான் வெட்டினால் அழும். மூன்று வாரமாக மனநோய் மாத்திரையைத் துப்பிவிட்டு எங்களை ஏமாற்றியிருக்கிறான் என்று அன்று காலைதான் தெரிந்தது. மனைவி டாக்டரிடம் ஓடியிருந்தாள். அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டியோடு வரும்வரை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவன் வெட்டுவதை.

"என்னய்யா அநியாயம் இது!"

"கிட்ட வராத! பட்டன்ல மைக் வெச்சதே நீதான்டா!" மச்சானின் பெரிய கத்தரி அவர் வயிற்றுக்கு நேராக நீண்டது.

என் வாய் சும்மா இருக்குமா? "மைக் வெக்கற அளவுக்கு இங்க யாருடா பாடறாங்க?" என்றேன்.

கத்தரி என் பக்கம் திரும்பியது.

"சிரிப்பா இருக்கா மாமா? நீங்களும் கூட்டுதானே? சோத்துல என்னத்தக் கலக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

என் தட்டிலிருந்தே எடுத்துத் தின்கிறவன் சொன்னான். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அதற்குள் கோட்டுக்காரர் வாசலுக்குப் போய்விட்டார். "போலீஸுக்குச் சொல்லியாச்சு. பைத்தியத்தை வெச்சுக் கடை நடத்தறீங்களா?"

"பேர் வெக்க உங்களைக் கூப்பிடல சார். வாசலை விட்டுத் தள்ளி நில்லுங்க."

போலீஸ் வருவதற்குள் கத்தரி அவன் கையை விட்டு இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வருகிறவர்கள் கண்ணுக்குக் கத்தரிதான் தெரியும், நோய் தெரியாது.

ஓடிக்கொண்டிருந்த மிஷினை அணைத்தேன். ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விரித்து வைத்தேன். வெளியே பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல் அடக்கம். உள்ளே நெஞ்சு, நூல் கோக்காத மிஷினாகத் தடதடத்தது.

"எனக்கு எந்தச் சத்தமும் கேக்கலடா. உனக்குக் கேக்குதுன்னு தெரியுது. என்ன சொல்லுது?"

"உங்களுக்கு எதுக்கு? பயந்தாங்கொள்ளி!"

"ஆமா. இப்ப பயமாத்தான் இருக்கு."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். கத்தரியை என் முகத்துக்கு நேராக நீட்டினான். "இதானே வேணும்? தைரியம் இருந்தா பிடுங்குங்க!"

கை பரபரத்தது. பிடுங்கியிருந்தால் இரண்டு பேரில் ஒருவருக்குத் தையல் போட வேண்டியிருந்திருக்கும். தையல்காரர்கள் கைக்குக் கை கத்தரி கொடுப்பதில்லை, கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். எங்கள் கடையில் அது சட்டம்.

"கையில வாங்க மாட்டேன். மேசையில வை."

"சண்டை வந்துடுமா? இப்ப மட்டும் என்ன கொஞ்சிக்கிட்டா இருக்கோம்?"

"இருக்கறதே போதும்டா."

திட்டிக்கொண்டேதான் வைத்தான். ஆனால் எட்டு வருஷப் பழக்கம், அலகை மூடி, முனை சுவர்ப்பக்கம் இருக்கும்படி வைத்தான். கோட்டுக்காரர் பாய்ந்து எடுக்க வந்தார். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஒரு துணியை அதன்மேல் போட்டேன்.

மனைவியின் வண்டி முந்திக்கொண்டது. "வாடா தம்பி," என்றாள். அக்காவோடு போனான், போகிற வழியில் என் காலடியில் துப்பிவிட்டு. போலீஸ் ஜீப் வந்தபோது அவன் அக்கா வண்டியின் பின்சீட்டில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான். டாக்டர் கொடுத்த சீட்டைப் படித்துவிட்டு வழிவிட்டார்கள். கோட்டுக்காரர் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மச்சான் கண்ணாடியை இறக்கினான். "திரும்பி வந்து உங்களை வெச்சுக்கறேன் மாமா!"

"வாடா," என்றேன். "வந்து வெச்சுக்க."