தொண்ணூற்று நாலாம் வருடத்துக் கூடாரம்

விசில் நான்கு முறை ஊதியதும் வாத்தியக் குழுவில் எல்லோரும் வலப்புறம் திரும்பினார்கள். லெமுவேல் பிக்கெட் மட்டும் இடப்புறம் திரும்பினான். மலைப்பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றிக் கிடந்த சூசஃபோன் என்ற ஊதுவாத்தியத்தின் அகன்ற பித்தளை வாய் முதலில் கூடாரக் கயிற்றில் மாட்டியது, பிறகு கம்பத்தைச் சாய்த்தது, கடைசியில் அவனையே கீழே தள்ளியது. பொரித்த கெளுத்தி மீன் தட்டுகள் புல்லில் சரிய, உருளைக்கிழங்கு சாலட் ஒரு பாத்திரம் முழுக்க அந்தப் பித்தளை வாய்க்குள் போய் விழுந்தது. டாலிவர் கல்லூரிக்குப் பழைய மாணவர்கள் திரும்பி வரும் அக்டோபர் சனிக்கிழமை அது. அலபாமாவின் கறுப்புச் சனம் பாதி அந்த மைதானத்தில்தான் இருந்தது. அத்தனை பேரும் பார்த்தார்கள்.

குற்றம் கால்களுடையது. தொண்ணூற்று மூன்றில் இதே பாட்டுக்கு இதே இடத்தில் இடப்புறம்தான் திரும்ப வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் நானூறு தடவை நடந்து பழகிய கால்கள் அவை. நடுவில் முப்பது வருடம் போனதை யாரும் அவற்றிடம் சொல்லவில்லை. காலை ஒத்திகையில், "இப்ப வலது பக்கம், பெரியவங்களே" என்று குழுவை நடத்தும் மாணவன் சொன்னபோது லெமுவேலின் தலை ஆடத்தான் செய்தது. அவனுடைய தலை எதற்கும் ஆடும்.

"டேய் லெம், பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுறியா?" முரசோடு புல்லில் உட்கார்ந்து சிரித்தான் குயின்சி, அவனுடைய பழைய அறைத்தோழன். "மெம்பிஸ்ல ஆளுங்க மிச்சம் இருக்காங்களா?"

"பஸ்ஸுக்கு ஸ்டியரிங் இருக்குடா. இதுக்கு எங்க இருக்கு?"

சிரித்தான்தான். ஆனால் மைதானத்தில் நாற்பது கூடாரம் இருக்க, போயும் போயும் இது விழ வேண்டுமா? தொண்ணூற்று நாலில் பட்டம் வாங்கியவர்களின் கூடாரம். அவனோடு சேர்ந்து, அவனோடு படித்து, அவன் இல்லாமல் முடித்தவர்கள். கடைசிப் பருவத்தில் ஒரு ப்ளூஸ் குழு வாசிக்கக் கூப்பிட்டது. இரண்டு வாரம் என்று போனான். அந்த இரண்டு வாரம் நாலு வருடம் நீண்டது. பிறகு திரும்பி வர வெட்கம், அதற்குப் பிறகு பஸ் வேலை. டாலிவரில் படித்தேன் என்று சொல்வான். முடித்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்பவர்கள் இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொண்டால் திருத்துவதுமில்லை. கல்லூரிச் சட்டை போட்ட பிள்ளை யாராவது பஸ்ஸில் ஏறிவிட்டால், அன்று கடைசி நிறுத்தம்வரை அவன் வாய் அந்தப் பழைய பாட்டையே முனகிக்கொண்டிருக்கும்.

ஆல்வெட்டா துண்டோடு வந்தாள். அவளும் அந்தக் கூடாரத்துக்காரிதான். இப்போது கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறாள்.

"ஏதாவது உடைஞ்சுதா?"

"மானம் மட்டும்தான்."

"அது எப்பவோ உடைஞ்சதுதானே. கைய குடு, எழுந்திரு."

ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து பித்தளை வாய்க்குள்ளிருந்து கரண்டியால் சாலட்டை வழித்தெடுத்தார்கள். வருடா வருடம் அவளிடம் அவன் கேட்பது ஒன்றுதான்: "வகுப்புல என் நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கா?" அவளும், "தூசி தட்டி வெச்சிருக்கேன், வா" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். வேடிக்கையாகக் கேட்பதில் ஒரு வசதி உண்டு. கேட்ட மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும். அந்த வசதியிலேயே இருபது வருடம் ஓடிவிட்டது.

ஒலிபெருக்கி ஊர்வலத்துக்கு அழைத்தது. பட்டம் வாங்கிய வருடப்படி வரிசை. மூத்தவர்கள் முன்னால், சக்கர நாற்காலிகளில். கூடாரத்துக்காரர்கள் கை துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் லெமுவேலுக்கு, காரைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

"எங்க நழுவுற? வாடா, எங்களோட நில்லு," என்றான் குயின்சி. "யாரு வந்து பட்டத்தக் காட்டுன்னு கேக்கப் போறா?"

யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. கால்சட்டையெல்லாம் சாலட், சுற்றிலும் தெரிந்த முகங்கள். இன்னும் கெட்டுப்போக மரியாதை ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியபோது வாய் தானாகத் திறந்தது.

"ஆல்வெட்டா, வெளையாட்டுக்குக் கேக்கல. என்னால இத முடிக்க முடியுமா, முடியாதா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை.

"முடியும். ரெண்டு பாடம் பாக்கி. புள்ளியியல், ஸ்பானிஷ். ஜனவரில சேரலாம். வேலை முடிஞ்சு பஸ்ஸ விட்டு எறங்கினதும் வீட்டுல உக்காந்து படி, பரீட்சைக்கு மட்டும் இங்க வா. பாஸ் பண்ணுவியான்னு எனக்குத் தெரியாது." துண்டை மடித்துத் தோளில் போட்டாள். "ஆனா எங்க வரிசை உனக்குக் கெடையாது, லெம். அது போச்சு. நீ முடிச்சேன்னா, உன் எடம் அங்க."

அவள் கை காட்டிய திசையில், வெகு தூரத்தில், ஊர்வலத்தின் வால் நின்றது. போன மே மாதம் பட்டம் வாங்கிய பிள்ளைகள். வரிசையில் நிற்கத் தெரியாமல் குதித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் தொங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. இன்னும் மிதிபடாத புல் மட்டும் வேலிவரை வெயிலில் கிடந்தது.